காலைக்குத் திரும்பிய கடிகாரம்

தப்பான மணி காட்டுகிற கடிகாரத்தை மாட்டி வைப்பதைவிடச் சுவரைச் சும்மா விட்டுவிடலாம் என்பது என் கட்சி. எங்கள் கம்பெனியில் பாதிப் பேர் பஸ்ஸைத் தவற விடக்கூடாது என்று வாட்சை முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள். பிறகு அதை மனதுக்குள் கழித்துப் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு அந்தக் கூத்து பிடிக்காது. இந்த அறையில் உங்கள் நாற்காலிக்கு மேலே இருக்கிற கடிகாரம்கூடக் கொஞ்சம் பின்னால்தான் ஓடுகிறது. போவதற்கு முன் ஒரு ஸ்டூல் கொடுத்தால் சரி செய்து வைக்கிறேன்.

இன்ஸ்பெக்டர் அறிவுமதி மேடம், எழுதியே தருகிறேன் என்று நான் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. பேசினால் நீங்கள் நடுவில் கேள்வி கேட்பீர்கள், வரிசை கலைந்துவிடும். நேற்று நீங்கள், "உங்க மெஷின் ஏதோ தப்பு பண்ணியிருக்குங்க" என்று ஆறுதலாகச் சொன்னீர்கள். நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். ஆனால் அது உண்மை இல்லை. மெஷின் நான் எழுதிக் கொடுத்ததை மட்டும்தான் செய்தது. வெளியே பெஞ்சில் மெர்சி அக்காவை உட்கார வைத்திருக்கிறீர்கள். அவர்கள் செய்ததும் ஒன்றுமில்லை. இந்த இரண்டையும் ஒழுங்காகப் பதிய வேண்டும்.

என் பெயர் சிவசங்கர். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை. பென்னலூரில் ராஜாமணி அம்மா வீட்டுக் கீழ்ப் பகுதியில் குடியிருக்கிறோம். இருந்தோம் என்று எழுத வேண்டும். என் மனைவி பிரவீனா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போன் தயாரிக்கிற ஒரு கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் இருந்தாள்.

எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. உள்ளங்கை அளவு சின்ன எலெக்ட்ரானிக் போர்டுகளை வாங்கிவந்து அதில் ஏதாவது புரோகிராம் எழுதி ஓட்டிக்கொண்டிருப்பேன். தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கத்துகிற டப்பா, மாவு புளிக்கிற சூட்டைக் குறித்து வைக்கிற டப்பா, இப்படி. இந்த போர்டுகளுக்கு மணி தெரியாது. கரண்ட் போனால் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, வந்ததும் முதல் வரியிலிருந்து புதிதாக ஆரம்பிக்கும். அதனால் வட்ட பேட்டரி போட்ட ஒரு கடிகாரச் சில்லை அதோடு சேர்க்க வேண்டும். கூடவே ஒரு மெமரி கார்டும் இருந்தால், என்ன நடந்தது, எப்போது நடந்தது என்று அதுவே எழுதிக்கொண்டு போகும். "இந்த வூட்ல கொசு கடிச்சாகூட டைம் போட்டு எழுதிடுவீங்க" என்று பிரவீனா கிண்டல் செய்வாள். சொல்லிவிட்டு, ஈயம் உருக்கும்போது ஒயரை ஆடாமல் பிடித்துக்கொள்வதும் அவள்தான். லைனில் வேலை செய்த கை, நடுங்காது.

போன வருஷம் வல்லக்கோட்டைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது ஒரு கன்டெய்னர் லாரிக்கு ஒதுங்கப்போய் வண்டி சறுக்கியது. ஓட்டியது நான்தான். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவளுக்குக் கழுத்து எலும்பில் அடி. கழுத்துக்குக் கீழே வலி தெரியும், பலம் கிடையாது. வலது கை விரல்கள் மட்டும் கொஞ்சம் அசையும். குரல் இருந்தது, ஆனால் சத்தமாகக் கூப்பிட மூச்சு போதாது.

டாக்டர் எனக்கு ஒரே ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவளைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் படுக்கைப் புண் வரும், புண் ஆழமானால் காய்ச்சல் வரும், காய்ச்சல் ரத்தத்தில் ஏறினால் அவள் பிழைக்க மாட்டாள். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே கிடையாது. சோறு தின்றாலும் அதுதான், பேரிங் மாற்றினாலும் அதுதான். என் கையால் விழுந்தவள் என் வீட்டில் சாகக்கூடாது. அந்தப் பயத்தை நீங்கள் நம்ப வேண்டும், மேடம். மற்றதை நம்பாவிட்டால் பரவாயில்லை.

லீவு எல்லாம் ஆஸ்பத்திரியிலேயே தீர்ந்துவிட்டது. வேலையை விட்டால் வைத்திய அட்டையும் போய்விடும். அவள் அண்ணன் குவைத்தில். என் பக்கம் சொல்லிக்கொள்ள யாரும் இல்லை. அப்போதுதான் பக்கத்துத் தெரு மெர்சி அக்கா வந்தார்கள். முன்பு ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தவர்கள், பிரவீனாவைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். பகலில் அவர்கள், இரவில் நான் என்று ஏற்பாடு. நான் ஷிப்ட் முடிந்து வரும்போது இரண்டு பேரும் எதற்காவது சிரித்துக்கொண்டிருப்பார்கள். நான் உள்ளே நுழைந்ததும் சிரிப்பு நின்றுவிடும். அதைப் பற்றி எனக்கு வருத்தம் இருந்தது என்று எழுதினால் நீங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வீர்கள். கொஞ்சம் இருந்தது.

சித்திரையில் பிரவீனாவுக்கு முதுகின் அடியில் ஒரு சிவப்புத் திட்டு தெரிந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஒழுங்கா திருப்பறீங்களா?" என்று கேட்டார். இரவில் நான் ஒழுங்காகத்தான் திருப்பினேன். அப்படியானால் பகலில்தான் ஏதோ தவறு. 

மெத்தைக்கு அடியில் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று எடை அறிகிற பட்டைகளை வைத்து ஒரு டப்பாவோடு இணைத்தேன். அவள் உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது கார்டில் மணியோடு பதியும். ஒரு காலையில், ஷிப்டுக்குக் கிளம்பும் முன், எழுதி முடித்துப் போட்டுவிட்டுப் போனேன். கடிகாரச் சில்லுக்கு முதல் தடவை மணி சொல்லிக் கொடுக்க ஒரு வரி எழுத வேண்டும். ஒரு தடவை ஓட்டியதும் அந்த வரியை எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன். தேதியைப் பதியவில்லை. தினமும் நானே பார்க்கப்போகிறேன், தேதி எதற்கு என்று நினைத்தேன். சாயங்காலம் டப்பாவை அணைத்துக் கார்டை எடுத்துப் படிப்பேன். மறுநாள் காலை கிளம்பும்போது போட்டு உயிர் கொடுப்பேன். கொடுத்ததும் மணி சரியா என்று வாட்சோடு ஒத்துப் பார்ப்பேன். சரியாகவே இருக்கும். இரவில் அதை ஓட்டவில்லை. இரவில் திருப்புகிறவன் நான். என்னை எதற்குப் பதிய வேண்டும்?

ஒரு வாரத்துப் பதிவை எக்செல்லில் போட்டு, மணிவாரியாக அடுக்கிப் படம் வரைந்தேன். காலை நேரத்தில் திருப்பியது நெருக்கமாகக் கிடந்தது. மதியத்துக்கு மேல் கிட்டத்தட்டக் காலி. படத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. காலையில் நாலு தடவை கடமைக்குப் புரட்டிவிட்டு, மதியம் மெர்சி அக்கா தூங்கப் போய்விடுகிறார்கள். சொன்னால் வெட்கம், எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. யார் தவறு என்று தெரிந்துவிட்டதல்லவா.

நான் படத்தைக் காட்டிக் கேட்டபோது மெர்சி அக்கா லேப்டாப்பைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைப் பார்த்தார்கள்.

"இன்னா சார் சொல்றீங்க? கரண்ட் பூட்ச்சின்னா ஃபேன் நின்னுடும், பாப்பாவுக்கு வேர்க்கும்னு அட்டைய வெச்சி வீசிக்கினு பக்கத்துலயே குந்திகினு கீறேன். நான் எங்க சார் போவப் போறேன்?"

கட்டிலில் இருந்து பிரவீனா பேசினாள். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

"என் முதுகு எனக்குத் தெரியாதாங்க? அக்கா டைம் தவறாம திருப்பி வுடறாங்க. உங்க டப்பா சொல்றத நம்புறீங்க. நான் சொல்றத நம்ப மாட்டீங்களா?"

"டப்பாவுக்கு யார் மேலயும் பாசம் இல்ல, பிரவீனா. அது எதுக்குப் பொய் சொல்லணும்?" என்றேன்.

இதில் நான் சத்தம் போடவில்லை. ஆனால் நோயாளியைத் திருப்பாமல் தூங்குகிறவர்கள் இனி வர வேண்டாம் என்று மெர்சி அக்காவிடம் வாசலில் வைத்துத்தான் சொன்னேன், ராஜாமணி அம்மாவுக்கும் எதிர் வீட்டுக்காரர்களுக்கும் கேட்டது. அதற்கப்புறம் மெர்சி அக்காவை அந்தப் பக்கத்தில் யாரும் நோயாளி பார்க்கக் கூப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன். கரண்ட் போனது என்று அவர்கள் சொன்ன வார்த்தை என் காதில் விழுந்தது. அதைப் பிடித்து நின்றிருக்கலாம். எங்கள் கம்பெனியில் ஜெனரேட்டர் உண்டு. கோடையில் பென்னலூரில் மதியம் எத்தனை தடவை கரண்ட் போய் வருகிறது என்பது, பகல் முழுக்க ஒரகடத்தில் இருக்கிறவனுக்குத் தெரியாது.

இனி மனிதர்களை நம்புவதில்லை என்று முடிவு செய்தேன். நீளமான இரண்டு காற்றுப் பைகளை மெத்தைக்கு அடியில் வைத்து, ஒரு சின்ன பம்ப் மாட்டினேன். காலையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று நேரங்களை எழுதிக் கொடுத்தேன். மணி வந்ததும் இடது பை ஊதும், அடுத்த தடவை வலது பை. அவள் மெல்லச் சாய்வாள். ஒரு தடவை நானே படுத்துப் பார்த்தேன். நன்றாகவே வேலை செய்தது. கடிகாரப் பகுதி ஏற்கெனவே எழுதி வைத்ததுதான், அதை அப்படியே எடுத்து ஒட்டினேன். தண்ணீர் பாட்டிலில் நீளக் குழாய் போட்டு வாய்ப் பக்கம் கட்டினேன். காலையில் ஊட்டிவிட்டுப் போனால் மாலையில் வந்து ஊட்டுவேன். வெளியே பூட்டிக்கொள்வேன்.

"ஏம்பா சிவா, அந்தப் பொண்ணு உள்ள தனியா கெடக்குதே. சாவியக் குடு, மத்தியானம் ஒரு தபா எட்டிப் பாத்துட்டு வரேன்" என்று ராஜாமணி அம்மா கேட்டார்கள்.

"எல்லாம் ஆட்டோமேட்டிக்மா. யாரும் தொடக் கூடாது, செட்டிங் மாறிடும்" என்றேன்.

அடுத்தது பட்டன். கம்பெனியில் கழித்துப்போட்ட மெஷின் ஒன்றிலிருந்து எடுத்த பெரிய சிவப்புப் பட்டன், லேசாகத் தொட்டாலே அழுந்தும். அவள் வலது கைக்கு அடியில் கட்டி வைத்தேன். பயந்தால், வலித்தால் அழுத்தச் சொன்னேன்.

"இத அழுத்துனா உங்களுக்கு அடிக்குமா?" என்று கேட்டாள்.

"அழுத்தினா எனக்குத் தெரியும்" என்றேன்.

பொய் சொல்லவில்லை. எங்கள் லைனில் போன் கூடாது, கேட்டிலேயே லாக்கரில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அடித்தாலும் எடுக்க முடியாது. அதனால் பட்டனை எதோடும் இணைக்கவில்லை, கார்டோடு மட்டும் இணைத்தேன். அவள் எப்போதெல்லாம் அழுத்தினாள் என்று மாலையில் படித்துத் தெரிந்துகொள்வேன். டாக்டரிடம் காட்ட அது உபயோகமாக இருக்கும் என்று நினைத்தேன்.

முதல் நாள் மாலை கார்டைத் திறந்தால் பக்கம் பக்கமாகப் பட்டன். போர்டு வேலை செய்கிறவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான் இது. பட்டனுக்குள் இருக்கிற தகடு துள்ளும், ஒரு தடவை அழுத்தினாலே பத்துத் தடவை போல் பதியும். அடுத்தடுத்து வருகிறதை ஒன்றாக எடுத்துக்கொள்ளும்படி ஒரு வடிகட்டி எழுதுவது வழக்கம். எழுதினேன். மறுநாளும் நிறைய வந்தது. வடிகட்டியின் இடைவெளியைக் கொஞ்சம் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். சாதாரணமாக ஒரு விநாடியைவிட மிகக் குறைவாக வைத்தாலே போதும். நான் கடைசியில் கால் மணி நேரத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். அதற்கப்புறம் பதிவு படிக்கும்படியாக இருந்தது.

"அழுத்திக்கினே இருந்தேங்க, நீங்க வரவே இல்ல" என்றாள் ஒரு நாள்.

"வேலையில மாட்டிக்கிட்டேன்" என்றேன்.

"சரி, நாளைக்குப் பாருங்க" என்றாள். கோபப்படக்கூட இல்லை. நான் வரப் பார்த்து வர முடியாமல் போனதாக அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் மெர்சி அக்கா ஜன்னல் வழியாகப் பேசிவிட்டுப் போனதாக அவளே ஆசையாகச் சொன்னாள். மறுநாள் காலை ஜன்னலுக்கு ப்ளைவுட் அடித்துவிட்டுப் போனேன். அறை சூடாகும் என்று தெரியும். தூசி வந்தால் புண்ணுக்கு ஆகாது என்று அவளிடம் சொன்னேன்.

புண் பெரிதாகிக்கொண்டே போனது. மருந்து வைத்துக் கட்டும்போது எனக்கே நாற்றம் பொறுக்கவில்லை. இரவில் அவள் முதுகுப் பக்கம் உட்கார்ந்து சத்தம் வராமல் அழுதிருக்கிறேன். பை ஊதுகிறது, பம்ப் ஓடுகிறது, காலையில் பார்த்தால் மணி சரி. பின்னே எங்கே தவறு? எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. அவளுக்குக் காய்ச்சல் அடிக்க ஆரம்பித்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் வீட்டில் இருந்தபோது கரண்ட் போனது. வந்தது. மறுபடி போனது, வந்தது. நான் டப்பாவுக்கு எதிரில்தான் தரையில் உட்கார்ந்திருந்தேன். மதியச் சாப்பாடு முடிந்த நேரம், டப்பாவின் திரை காலை மணியைக் காட்டியது. நான் ஷிப்டுக்குக் கிளம்புகிற அதே காலை.

மணி சொல்லிக் கொடுக்கிற அந்த வரியை நான் எடுக்கவே இல்லை. கரண்ட் வருகிறபோதெல்லாம் போர்டு முதல் வரியிலிருந்து ஆரம்பித்து, கடிகாரத்தைப் பிடித்துக் காலைக்கே திருப்பி வைத்துக்கொண்டிருந்தது. நான் தினமும் உயிர் கொடுப்பதும் அதே காலை நேரம் என்பதால் என் கண்ணுக்கு எப்போதும் சரியாகத் தெரிந்தது. மெர்சி அக்கா மதியம் திருப்பியதெல்லாம் காலைக் கணக்கில் போய் விழுந்திருக்கிறது. மணிவாரியாக அடுக்காமல் வந்த வரிசையில் ஒரு தடவை படித்திருந்தால் ஒரு குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும். பம்பின் கதையும் அதேதான். கரண்ட் வந்து வந்து போகிற மதியங்களில் அது முதல் நேரத்துக்காக மறுபடி மறுபடி காத்துக்கொண்டிருந்தது. பை ஊதவில்லை. ஒரே பக்கத்தில் அவள் கிடந்திருக்கிறாள், பட்டனை அழுத்திக்கொண்டு.

இது எனக்குத் தெரிந்தபோது பிரவீனா உயிரோடு இருந்தாள். நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான், மேடம்.

சட்டையைப் போட்டுக்கொண்டு மெர்சி அக்கா வீட்டுக்கு நடந்தேன். வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் திட்டுவார்கள் என்று நினைத்தேன்.

"பாப்பா எப்டி சார் கீது? சாப்புடுதா?" என்றார்கள்.

"நல்லா இருக்கா" என்றேன். திரும்பி வந்துவிட்டேன்.

ஏன் என்று கேட்பீர்கள். வரும் வழியில் யோசித்துப் பார்த்தேன். அவர்களைக் கூப்பிட்டால் நான் சொன்னது பொய் என்று தெருவுக்கே தெரியும். அது போகட்டும், பிரவீனாவுக்குத் தெரியும். வண்டியைக் கவிழ்த்தவன் இதையும் செய்தான் என்று தெரியும். தவறு கண்டுபிடித்தாகிவிட்டது, ஒரு வரிதான், எடுத்துவிட்டால் மெஷின் சரி. எடுத்தேன். இப்போது மெஷின் சரியாக இருக்கும்போது மெர்சி அக்கா எதற்கு?

அன்று சாயங்காலம் அவள் உடம்பு நெருப்பாகக் கொதித்தது.

"ஒரே ஒரு தபா அக்காவ வரச் சொல்லுங்களேன். இல்லன்னா ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போங்க. என்னால முடியலங்க" என்றாள்.

"அவங்க பண்ணதுக்கு ஆதாரம் இருக்கு பிரவீனா. நீ ஏன் இன்னும் அவங்களையே கேக்கற?" என்றேன். உண்மை தெரிந்த பிறகு சொன்னது இது. குரல் மாறாமல் சொன்னேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் முதல் கேள்வி, யார் திருப்பினது என்பதுதான். என்னிடம் இருந்த பதிவெல்லாம் குப்பை. ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் சுத்தமான பதிவு கையில் இருந்தால், பாருங்கள் டாக்டர், மணி தவறாமல் திருப்பியிருக்கிறேன் என்று காட்டலாம். அதற்காகக் காத்திருந்தேன். மாத்திரை கொடுத்தேன், நெற்றியில் ஈரத்துணி போட்டேன், காலையில் கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். அந்த வாரம் முழுவதும் பதிவு அருமையாக வந்தது. வாரம் முடிவதற்குள் ஒரு மாலை நான் கதவைத் திறந்தபோது அவள் உடம்பு ஆறியிருந்தது. முதலில் காய்ச்சல் விட்டுவிட்டது என்றே சந்தோஷப்பட்டேன்.

ஆஸ்பத்திரியில் கேட்டபோது, பார்த்துக்கொண்டவரின் அலட்சியம் என்று சொல்லி, தேதி இல்லாத அந்தப் பழைய படத்தை எடுத்துக் காட்டினேன். உங்களுக்குக் கொடுத்ததும் அதைத்தான். அது தப்பான படம் என்று தெரிந்தேதான் கொடுத்தேன். மெர்சி அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பிரவீனா சாக நான்தான் காரணம். தெரியாமல் செய்தது பாதி, தெரிந்து செய்தது பாதி. இரண்டுக்கும் கையெழுத்துப் போடுகிறேன்.

அவள் இறந்த நாளின் கார்டை இதோடு இணைத்திருக்கிறேன். அதை மட்டும் நீங்கள் சந்தேகப்படத் தேவையில்லை. அந்த வரியை எடுத்த பிறகு பதிந்தது. கரண்ட் போயும் மணி பிசகவில்லை, பை இரண்டும் நேரம் தவறாமல் ஊதியிருக்கின்றன. வடிகட்டியையும் அந்த ஞாயிற்றுக்கிழமையே எடுத்துவிட்டேன், ஒவ்வொரு அழுத்தலும் அப்படியே இருக்கிறது. காலையில் நிறைய அழுத்தியிருக்கிறாள். போகப் போகக் குறைகிறது. மதியத்துக்கு மேல் ஒரு தடவைகூட அவள் பட்டனைத் தொடவில்லை. அன்றைக்கு மதியம் அவளுக்கு வலி விட்டிருந்தது, மேடம். பதிவில் இருக்கிறது, பாருங்கள்.